தங்கச்சி படத்துக்குச் சொன்ன விலை

என் வீட்டுக்காரர் பெயர்ப்பலகை எழுதுகிறவர். லிந்துலைக் கடைவீதியில் அந்த நாளில் எந்தக் கடை நெற்றியைப் பார்த்தாலும் அவர் எழுத்துத்தான் இருக்கும். புடவைக்கடை, பேக்கரி, சலூன், லொறிகளின் முன்பக்கம், கோயில் திருவிழாத் தட்டி, எல்லாம் அவர் கைதான். தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூன்றிலும் எழுதுவார். வாசிக்கத் தெரிந்தது தமிழ் மட்டும். மற்ற இரண்டையும் பூ வரைகிற மாதிரிப் பார்த்து வரைந்துவிடுவார். ஒரு எழுத்து தலைகீழாக விழுந்தாலும் கடைக்காரர் வந்து சொன்னால்தான் அவருக்குத் தெரியும். அதைச் சொல்லியே நான் கேலி செய்வேன். அவர் கோபித்துக்கொள்ளமாட்டார். கோபமே வராத மனிதரோடு குடித்தனம் நடத்துவது லேசு என்று நினைக்கிறவர்கள் ஒரு மாதம் நடத்திப் பார்க்கவேண்டும்.

பலகை எழுத்தோடு அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. இறந்துபோனவர்களை வரைவது. அந்தக் காலத்தில் தேயிலைத் தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், போட்டோ என்பது அபூர்வம். பிரஜாவுரிமைக்கு எழுதிப்போடுகிறவர்களும் இந்தியாவுக்குப் போகிறவர்களும்தான் ஸ்டூடியோ வாசலை மிதித்தார்கள். மற்றவர்கள் பிறந்தார்கள், கொழுந்து பறித்தார்கள், ஒரு படம்கூட இல்லாமல் போய்ச்சேர்ந்தார்கள். கருமாதி முடிந்து ஆட்கள் கலைந்த பிறகுதான், மாட்டி விளக்கு வைக்க ஒரு முகம் இல்லையே என்று வீட்டாருக்கு உறைக்கும். அப்படித் தேடி வருகிற குடும்பத்தை என் வீட்டுக்காரர் மொத்தமாக வரச்சொல்வார். அண்ணனை உட்காரவைத்து நெற்றியை எடுப்பார். மகளை உட்காரவைத்து மூக்கை எடுப்பார். மற்றவர்கள் சுற்றி நின்று, மூக்கு இவ்வளவு சப்பை இல்லை, காது இன்னும் கொஞ்சம் கீழே என்று சொல்லச் சொல்ல, அழித்து அழித்துத் திருத்துவார். ஒரு வீட்டில் அப்பனுக்கு மீசை இருந்ததா இல்லையா என்று அண்ணனும் தம்பியும் கைகலக்கப் போனார்கள். கடைசியில் பாதி மீசை மாதிரி ஒன்று வைத்துக் கொடுத்தார். இரண்டு பேருக்கும் திருப்தி.

இந்தப் படங்களுக்கென்று ஒரு முறை உண்டு. முகம் நேராகப் பார்க்கவேண்டும். பின்னால் மலை, மரம், ஒன்றும் கூடாது, வெறும் நீலம்தான். ஆண் என்றால் கோட்டுப் போடவேண்டும். பெண் என்றால் நகை போடவேண்டும். உயிரோடு இருந்தபோது மஞ்சள் கயிற்றைத் தவிர கழுத்தில் ஒன்றையும் அறியாதவளுக்கு, படத்தில் அட்டிகையும் ஜிமிக்கியும் கேட்பார்கள். அவரும் தாராளமாகப் போட்டுவிடுவார். அதற்கு மட்டும் தனியாகக் காசு வாங்கமாட்டார். நகையைப் பார்த்தாலே எங்கள் ஆட்களுக்கு விஷயம் புரிந்துவிடும். அப்படி ஒரு படத்தை உயிரோடு இருக்கிறவர்களுக்கு யாரும் வரைவதில்லை.

எனக்கு ஒரே ஒரு தங்கச்சி. நாங்கள் இரண்டு பேரும் ஒரே அச்சு என்று சொல்வார்கள். நான் கல்யாணமாகி லிந்துலைக்கு வந்த பிறகு, மேலே தோட்டத்தில் அம்மாவுக்கு அவள்தான் துணை. அப்பா முன்னாலேயே போய்விட்டார். ஒரு வைகாசி மழையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. டிஸ்பென்சரியில் கொடுத்த மருந்தைக் குடித்துவிட்டு இரண்டு நாள் வேலைக்கும் போனாள். அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை. எனக்குச் சொல்லி அனுப்பி, நான் போய்ச்சேர்ந்தபோது குளிப்பாட்டி வைத்திருந்தார்கள். கல்யாணப் பேச்சு எடுத்திருந்த வயது.

அவளுக்கும் படம் கிடையாது. அம்மா என் வீட்டுக்காரரிடம் கேட்டாள். மாமியார் மருமகனோடு நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் எங்களில் அதிகமில்லை. வாசல்படியில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். அவர் என்னை உட்காரவைத்து வரைந்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்மா மலையிறங்கி வருவாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். அவள் ஒவ்வொன்றாகச் சொல்லுவாள். புருவம் இவளுக்குச் சேரும், அவளுக்குச் சேராது. இவளுக்கு மோவாய் கூர், அவளுக்கு உருண்டை. சிரிக்காமல் இருக்கும்போதும் அவளுக்கு உதட்டில் சிரிப்பு இருக்கும், இவளுக்கு அது கிடையாது. கடைசியாகச் சொன்னது உண்மைதான், நான் மறுக்கவில்லை. என் முகத்திலிருந்து என்னை ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா படத்துக்கு முன்னால் வந்து நின்றாள். ஒரு திருத்தமும் சொல்லவில்லை. அப்படியே கீழே உட்கார்ந்து அழுதாள். நானும் பார்த்தேன். தங்கச்சிதான்.  அதற்கு முன்னும் பின்னும் என் வீட்டுக்காரர் அப்படி ஒரு முகம் வரையவில்லை.

அந்தப் படம் லயத்தில் அம்மா இருந்த ஒற்றை அறைக் காம்பராவுக்குப் போனது. விடிகாலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும்போது அம்மா அதனிடம் சொல்லிக்கொண்டு போவாள். திரும்பி வந்து கூடையை இறக்கியதும், இன்றைக்கு எந்த மலை, கங்காணி என்ன சொல்லித் திட்டினான், யாருக்கு அரைநாள் சம்பளம் வெட்டி அரைப்பேர் போட்டார்கள் என்று எல்லாவற்றையும் அதனிடம் சொல்லுவாள். பக்கத்துக் காம்பராக்காரர்கள் முதலில் பயந்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். இப்படியே ஐந்தாறு வருஷம் போனது. நான் போனால்கூட என்னிடம் பேசுவதைவிட அதனிடம்தான் அதிகம் பேசுவாள். எனக்கு அது வருத்தமாக இருந்ததா என்று கேட்டால், கொஞ்சம் இருந்தது.

சித்திரையில் நுவரெலியாவில் சீசன் என்று உங்களுக்குத் தெரியும். கொழும்பு முழுக்க மலையேறி வரும். குதிரைப் பந்தயம், பூக்கண்காட்சி, பேண்டு வாத்தியம் என்று ஊர் அல்லோலகல்லோலப்படும். ஒரு வருஷம், ஆஸ்பத்திரிக்குப் பணம் சேர்ப்பதற்காகப் பார்க்கில் ஒரு சந்தை போடப் போவதாகவும், படம் வரைகிறவர்களுக்கும் வேலியோரம் இடம் கொடுப்பதாகவும் பேச்சு வந்தது. யார் வீட்டுக்காரரிடம் சொன்னார்களோ, அன்றிலிருந்து மனிதர் மாறிப்போனார். பலகை எழுதுகிற வேலையை இரண்டு வாரம் அப்படியே போட்டுவிட்டு, நுவரெலியாக் குளத்தை வரைந்தார், ஒரு நீர்வீழ்ச்சியை வரைந்தார், பட்டிப்பொல ஸ்டேஷனை மூடுபனியோடு வரைந்தார். கண்டியிலிருந்து சாயக்குழாய் வாங்கிவந்தார். இத்தனை காலமும் தன்னை எல்லோரும் போர்டு பெயின்டர் என்றுதான் சொல்கிறார்கள், ஒருநாளாவது ஆர்டிஸ்ட் என்று சொல்லட்டுமே என்றார். அவர் தனக்கென்று ஆசைப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அதனால் கேலி செய்யாமல் இருந்தேன்.

ஆனால் குளமும் நீர்வீழ்ச்சியும் யாரும் வரைவது. முகம் வரையத் தெரியும் என்று காட்டினால்தான் சீசனுக்கு வந்த பெரிய இடத்துக்காரர்கள் தங்கள் பிள்ளைகளை வரையச்சொல்வார்கள் என்று அவர் கணக்குப் போட்டார். காட்டுகிற மாதிரி அவர் வரைந்த முகம் ஒன்றுதான், அது அம்மா வீட்டில் இருந்தது. நேரே போய்க் கேட்டுவிட்டார்.  அம்மா படத்தைத் தானே கழற்றி, கண்ணாடியில் இருந்த குங்குமத்தை முந்தானையால் துடைத்து, துணியில் சுற்றிக் கொடுத்தாளாம். வைகாசியில் தங்கச்சிக்குத் திதி வருகிறது, அதற்கு முன்னால் வந்துவிடவேண்டும் என்று மட்டும் சொன்னாளாம். அவர் சத்தியம் பண்ணிக்கொடுத்தார். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். அவர் முகத்தில் அப்போது அவ்வளவு வெளிச்சம்.

விடியற்காலை பஸ்ஸில் படங்களைச் சாக்கில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு போனோம். பார்க்கில் பனி விலகவில்லை. சைப்ரஸ் மரங்களுக்கும் வேலிக்கும் நடுவில் கயிறு கட்டிவிட்டிருந்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது கடைசிக் கோடி, குதிரைச் சவாரிக்குக் குதிரை கட்டுகிற இடத்துக்குப் பக்கம். வாசனைக்குக் குறைவில்லை. மற்றவர்கள் கொழும்பிலிருந்து வந்த ஆட்கள். அவர்கள் படங்களுக்குக் கண்ணாடி போல வார்னிஷ், தங்கச் சட்டம். எங்கள் சட்டங்கள் தேயிலைப் பெட்டிப் பலகையை அறுத்துச் செய்தவை. அவர் எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, தங்கச்சியைக் கடைசியாகக் கொஞ்சம் பின்தள்ளி, மரத்தண்டில் சாய்த்து வைத்தார்.

சந்தையைப் பார்த்துக்கொண்ட குமாஸ்தா ஒவ்வொரு இடமாக வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர்தான். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு அட்டையைக் கொடுத்து விலையை எழுதச்சொன்னார். தங்கச்சிக்கு அட்டை வேண்டாம், அது விற்கிறதுக்கு இல்லை, சும்மா பார்வைக்கு என்று வீட்டுக்காரர் சொன்னார். "விக்கிறதுக்கு இல்லையெண்டால் இஞ்சை வைக்கேலாது. விலையைச் சொல்லுங்கோ, இல்லாட்டில் சாக்குக்குள்ளை வையுங்கோ" என்றார் குமாஸ்தா. நான் சாக்கை எடுத்தேன். வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து நிறுத்தி, ஒரு விலையைச் சொன்னார். கேட்டதும் குமாஸ்தாவே எழுதுவதை நிறுத்தி அவரைப் பார்த்தார். மற்ற எல்லாப் படங்களையும் சேர்த்தாலும் அதில் பாதி வராது.

இதை நான் கொஞ்சம் விளக்கவேண்டும். எங்கள் கடைவீதியில் வாடிக்கைக்காரன் முகத்துக்கு நேரே யாரும் இல்லை என்று சொல்வதில்லை. அது மரியாதைக் குறைவு. புடவைக்கடை முதலாளி தன் தங்கை மகள் நிக்காஹ்வுக்கு என்று ஒதுக்கி வைத்த பட்டை யாராவது கேட்டுவிட்டால், அது விற்பனைக்கு இல்லை என்று சொல்லமாட்டார். கேட்டவன் மயங்கி விழுகிற மாதிரி ஒரு விலை சொல்லுவார். அவனும் புரிந்துகொண்டு, ஆண்டவன் நாடினால் பார்ப்போம் என்று சிரித்துக்கொண்டே இறங்கிப் போய்விடுவான். தீபாவளிக்கு முந்தின நாள் பலகை கேட்டு வருகிறவர்களை என் வீட்டுக்காரரும் அப்படித்தான் அனுப்புவார். அந்த விலை எங்களுக்கு விலை இல்லை. கும்பிட்டுக் கதவைச் சாத்துகிற மாதிரி. அன்றைக்கும் அவர் கதவைச் சாத்திவிட்டதாகத்தான் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்துச் சாக்கைக் கீழே வைத்தேன்.

பனி விலகி வெயில் வந்தது. ஜனம் வந்தது. கோட்டுப் போட்டவர்கள், தொப்பி வைத்த பெண்கள், ஐஸ் பழம் சூப்புகிற பிள்ளைகள். எங்கள் இடம் வரைக்கும் வந்தவர்கள் குதிரையைப் பார்க்க வந்தவர்கள். போகிற போக்கில் குளத்தைப் பார்த்து, இது கையாலே வரைந்ததா என்று கேட்டார்கள். ஒருவர் நீர்வீழ்ச்சியை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். யாரும் விலையைக் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பேச்சு வராமல், ஒவ்வொருவருக்கும் சிரித்துக்கொண்டே நின்றார். பத்துப் பேருக்குச் சிரித்தால் ஒருவர் திரும்பிச் சிரிப்பார். பார்க்கச் சகிக்கவில்லை. பலகை எழுதும்போது ஏணியில் நின்று கடைக்காரனையே அதட்டுகிற மனிதர் அவர்.

வருஷப்பிறப்புக் கழிந்த சமயம் என்பதால் தோட்டத்து ஆட்களும் புதுத்துணியோடு வந்திருந்தார்கள். அவர்கள் படம் வாங்க வரவில்லை, ஆனால் அவர்கள்தான் நின்று பார்த்தார்கள். ஒரு நடுத்தர வயதுப் பெண் குளத்தைத் தாண்டி, ஸ்டேஷனைத் தாண்டி வந்து, மரத்தண்டில் சாய்ந்திருந்த தங்கச்சியைப் பார்த்ததும் காலில் கிடந்த செருப்பைக் கழற்றினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஒங்க தங்கச்சிங்களா? எப்பங்க தவறுனிச்சு?"

சொன்னேன். அவள் படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இப்படி நாலு பேர் போகிற வழியில் வைக்கலாமா என்று கேட்கத்தான் அவள் வாயெடுத்தாள் என்று எனக்குத் தெரியும். கேட்காமல் போய்விட்டாள்.  படத்தை உள்ளே வைத்துவிடலாமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். இன்னும் கொஞ்ச நேரம், மத்தியானம் பந்தயம் முடிந்து பெரிய ஆட்கள் வருவார்கள் என்றார்.

வந்தார்கள். ஒரு வெள்ளைக்காரத் துரையும் துரைசாணியும். எந்தத் தோட்டம் என்று எனக்குத் தெரியாது. துரை ஒரு பெரிய குடையை ஊன்றிக்கொண்டு தள்ளியே நின்றார். துரைசாணி கொஞ்சம் வயதானவள், முகத்தில் நல்ல களை. அவள் ஒன்றையும் பார்க்கவில்லை, நேரே தங்கச்சியிடம் போனாள். குனிந்து பார்த்தாள், பிறகு தரையில் குந்தியே பார்த்தாள். நான் கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருஷம் பங்களாவில் ஆயாவாக இருந்தவள், ஓரளவு இங்கிலீஷ் புரியும். எவ்வளவு சந்தோஷமான முகம் என்று அவள் துரையிடம் சொன்னாள். இந்த நாட்டில் இத்தனை வருஷம் இருந்து இப்படி ஒரு முகத்தைத்தான் எடுத்துக்கொண்டு போக ஆசை என்றாள். அவர்கள் ஊருக்கே கப்பலேறப் போகிறார்கள் என்பது அதிலிருந்துதான் எனக்குத் தெரிந்தது. பிறகு அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். அவளுக்கு ஒரே சிரிப்பு. என் கையைப் பிடித்துப் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, நீதானே என்று கேட்டாள். இல்லை என்று எனக்குச் சொல்லத் தெரியும். அது இறந்துபோனவள் என்று சொல்லவும் எனக்கு இங்கிலீஷ் இருந்தது. வாய் வரவில்லை. துரைசாணி கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது எதிர்த்துச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அதற்குள் அவள் அட்டையைப் படித்துவிட்டுக் கைப்பையைத் திறந்தாள்.

பேரம் பேசவில்லை. ஒரு வார்த்தை குறைத்துக் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் நோட்டுகளைப் பார்த்துக்கொண்டு கையை நீட்டாமல் நின்றார். நான் தமிழில், "இல்லன்னு சொல்லுங்க" என்றேன்.

"எப்புடி சொல்றது? வெல போட்டு வச்சிருக்கே."

"மாத்திச் சொல்லுங்க. தப்பா எழுதிட்டோம்னு சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. சொன்ன விலையைக் கொடுக்கிறவனிடம் சொல்லை மாற்றுகிறவன் வியாபாரி இல்லை என்பது அந்தக் கடைவீதியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ரத்தத்திலேயே இருக்கும். ஆனாலும் அவர் முயன்று பார்த்தார். குளத்தையும் நீர்வீழ்ச்சியையும் கழற்றித் துரைசாணி கையில் கொடுத்து, இரண்டும் சும்மா எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம், அதை மட்டும் விடுங்கள் என்று சைகையில் காட்டினார். அவள் அதை அவருடைய தாராளம் என்று நினைத்துக்கொண்டாள். நெஞ்சில் கைவைத்து நன்றி சொல்லிவிட்டு, இரண்டையும் அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். நாளைக்கு இதே மாதிரி இன்னொன்று வரைந்து தருகிறேன் என்று என்னைச் சொல்லச்சொன்னார். சொன்னேன். இதே மாதிரி வராது என்றாள் துரைசாணி. அவள் சொன்னதில் தப்பில்லை. குமாஸ்தா வந்து அட்டையில் ஒரு சிவப்புத் தாளை ஒட்டினார். இந்தச் சந்தையிலேயே பெரிய விற்பனை இதுதான் என்று என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கொழும்பு ஆட்கள் இரண்டு பேர் எழுந்து வந்து பார்த்தார்கள். ஆர்டிஸ்ட் எங்கே, ஆர்டிஸ்ட் எங்கே என்று அவர்கள் கேட்டது என் காதில் விழுந்தது. அவர் அந்த நேரம் பழுப்புத் தாளில் தங்கச்சியைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். முடிச்சுப் போட அவர் கைக்கு வரவில்லை. நான்தான் போட்டேன்.

அதோடு மழை பிடித்துக்கொண்டது. கூடாரத்துக்குள் எல்லோரும் ஓடினார்கள். துரைசாணி படத்தைத் தன் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு, குடைக்குள் நனையாமல் காருக்குப் போனாள். அவள் அதை நன்றாக வைத்திருப்பாள் என்று எனக்குத் தோன்றியது. அது ஆறுதலாக இல்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. அந்தப் பணம் எதில் எதில் போனது என்று இன்றைக்கு யோசித்தாலும் எனக்கு ஞாபகமில்லை.

அம்மாவிடம் அவரே போய்ச் சொன்னார். நானும் கூடப் போனேன். அம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். சுவரில் படம் இருந்த இடம் மட்டும் புகை படியாமல் வெள்ளையாக இருந்தது. அந்தப் பக்கம் பார்க்காமல் நாங்கள் மூன்று பேரும் குடித்தோம். திதிக்குள் இன்னொன்று வரைந்து தந்துவிடுகிறேன், ஒரு தடவை வந்த கை மறுபடியும் வராமல் போகாது என்று அவர் சொன்னார். அம்மா தலையாட்டினாள். அவளுக்கு மருமகன் மேல் அவ்வளவு நம்பிக்கை.

பழையபடி ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா இறங்கி வந்தாள். பழையபடி நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவர் கோடு போட்டுவிட்டு, சொல்லுங்க என்றார். புருவம் எப்படி என்று கேட்டார். படத்தில் இருந்த மாதிரிதான் என்றாள் அம்மா. மோவாய் எப்படி என்று கேட்டார். படத்தில் இருந்ததே, அப்படித்தான் என்றாள். அவர் ஒன்றைப் போட்டுக் காட்டுவார். அவள் இல்லை என்பாள். எது இல்லை என்றால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. முதல் தடவை ஒவ்வொரு மயிரையும் எண்ணிச் சொன்ன அதே அம்மா. நானும் யோசித்துப் பார்த்தேன். கண்ணை மூடினால் எனக்கும் அட்டிகையும் நீலச் சுவரும் போட்ட அந்த முகம்தான் வந்தது. கூடை கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் மலையேறிப் போன தங்கச்சி வரவில்லை.

மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ, அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, படத்தை விடுங்கள் அத்தை, புள்ளையை நினைத்துச் சொல்லுங்கள் என்றார். அம்மா அவரை நேராகப் பார்த்தாள். எனக்குத் தெரிந்து அவள் மருமகனை நேராகப் பார்த்துப் பேசியது அன்றைக்குத்தான்.

"அவளத் தெனமும் அதுலதானே மாப்பிள்ளை பாத்துக்கிட்டிருந்தேன். எனக்குப் படம்தான் ஞாபகத்துல இருக்கு. புள்ள மொகம் ஞாபகத்துல இல்ல."

அவர் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். நான் ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தேன். அந்த மனிதர் அழுவதை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஆனாலும் விடாமல் ஒன்றை முடித்தார். நகையெல்லாம் போட்டு, பின்னால் நீலம் அடித்து, சட்டமும் போட்டார். திதிக்கு முந்தின நாள் மூன்று பேருமாகப் பார்த்தோம். அது நான்தான். சாடை அல்ல, நானேதான். கல்யாணமாகிப் பல வருஷமான, வாய் இறுகின, பலகை பெயின்டர் பெண்டாட்டி. அம்மா ரொம்ப நேரம் பார்த்தாள். "வேணாம் மாப்பிள்ளை. இவ உசிரோட இருக்கா. இதுக்கு நான் எப்புடி வெளக்கு வைக்கிறது?" என்றாள். அவர் அன்றைக்கே அதன் மேல் வெள்ளை அடித்து, பிறகு ஒரு சோடாக் கம்பெனிக்குப் பலகையாக எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு இறந்தவர்களை வரையக் கேட்டு வந்தவர்களிடமெல்லாம் பெரிய விலையாகச் சொல்லி அனுப்பிவிட்டார். அவர்களும் புரிந்துகொண்டு போனார்கள். நுவரெலியாவில் வருஷாவருஷம் சந்தை நடந்தது, அவர் அந்தப் பக்கம் போகவில்லை.

திதியன்று விடியவே வரச்சொல்லி அம்மா ஆள் அனுப்பியிருந்தாள். கன்னியாகப் போன பெண்ணுக்கு வருஷத்துக்கு ஒருதரம் புதுச்சேலை வைத்துப் படைப்பது எங்கள் வீட்டு வழக்கம். படத்துக்கு முன்னால் இலை போட்டு, சேலையை மடித்து வைத்து, கும்பிட்டு எடுத்த பிறகுதான் மற்றவர்கள் சாப்பிடுவோம். நான் போனபோது அம்மா சமைத்து முடித்திருந்தாள். சேலையை என் கையில் கொடுத்து, உடுத்திக்கொண்டு வா என்றாள். உடுத்திக்கொண்டு வந்தேன். சுவரின் அந்த வெள்ளை இடத்துக்குக் கீழே பலகை போட்டு, அதில் என்னை உட்காரச்சொன்னாள். எனக்கு முன்னால் இலையைப் போட்டாள்.

எனக்குப் பயமாக இருந்தது. படையல் இலையில் உயிரோடு இருக்கிறவள் உட்கார்ந்து சாப்பிடலாமா என்று கேட்கவேண்டும் போல இருந்தது. அம்மா எனக்கு எதிரில் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பரிமாறினாள். குழம்பில் காரமே இல்லை. எனக்கு உறைப்பு இல்லாமல் ஒரு வாய் சோறு இறங்காது, அது அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். காரம் ஆகாதது தங்கச்சிக்குத்தான். ஊறுகாய் இருக்கிறதா என்று கேட்க வாயைத் திறந்தேன். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்த்தது என்னை இல்லை.

"நல்லா சாப்புடு தாயி" என்றாள். என்னை அவள் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

நான் வாயை மூடிக்கொண்டு, இலையில் இருந்தது அத்தனையையும் சாப்பிட்டேன். அம்மா இருந்த வரைக்கும் ஒவ்வொரு வைகாசியிலும் போய், அந்தச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.